வாத்தியார் ஊருக்கு ஒரு போட்டோ

முதல் நாள், கண்டி

இந்தப் பயணத்துக்குக் காரணம் வாட்ஸப்பில் வந்த ஒரு படம். அத்தையின் பேரன் அமெரிக்காவில், அட்லாண்டாவில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு லீவு நாளில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி அல்பனி என்ற ஊருக்குப் போயிருக்கிறான். அதுவும் ஜோர்ஜியா மாநிலம்தான். அங்கே பிளின்ட் ஆற்றங்கரையில் ரே சார்ள்ஸ் பெயரில் ஒரு சின்னப் பூங்கா. பாடகர் பியானோ வாசித்தபடி உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை பீடத்தோடு மெல்லச் சுற்றுகிறது. சுற்றிலும் உட்கார பியானோக் கட்டைகள் மாதிரியே பெஞ்சுகள். இதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். போட்டவன் மறந்துவிட்டான், கோத்தகிரியில் இருக்கும் அத்தை மறக்கவில்லை. அப்பாவுக்குக் குரல் பதிவு வந்தது.

"ஏன்டா தம்பி, நம்ம வாத்தியாரு பொறந்ததும் ஆத்தங்கரை ஊருதானே. அவருக்கு அங்க இப்பிடி ஏதாச்சும் வச்சிருக்காங்களா? போய்ப் பாத்து ஒரு போட்டோ அனுப்பு."

வாத்தியார் என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஆள்தான், எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17 அன்று நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பனார் கோபால மேனன் இறந்த பிறகு, தாயார் சத்யபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். பிறகு கும்பகோணம், நாடகக் கம்பெனி, மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

"அவரு கைப்புள்ளையில போனவரு. அதுக்கெல்லாம் யாரு பூங்கா வைப்பாங்க?" என்றேன். அப்பா போனில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ரே சார்ள்ஸ் 1930 இல் அல்பனியில் பிறந்ததோடு சரி, வளர்ந்தது புளோரிடாவில். "அவனும் கைப்புள்ளையாத்தான் போயிருக்கான். அப்ப கணக்கு சரிதானே?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா ஓய்வு பெற்றவர். நான் ஐந்து நாள் லீவு எடுத்தேன்.

நேராக நாவலப்பிட்டிக்குப் போகாமல் கண்டியில் இறங்கியது என் யோசனை. கரையோரமாய் ஒரு பெயரைத் தேடுகிறோம் என்றால் கண்டிக் குளத்தை விட்டுவிட்டுப் போகலாமா? சாயங்காலம் குளத்தைச் சுற்றி ஒரு நடை. மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். அப்பாவின் முழங்காலுக்காக நாலு தடவை உட்கார்ந்தோம்.

வயலாய்க் கிடந்த இடத்தில் 1807 இல் அணை கட்டி இந்தக் குளத்தை உண்டாக்கியவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. குளத்துக்கு அவர் பெயர் இல்லை. சிங்களத்தில் கிரி முஹுத என்பார்கள், நம் பாற்கடல்தான். கரைச் சுவரின் முக்கோண மாடங்கள் மட்டும் இன்னும் அவர் காலத்துக் கணக்கில் நிற்கின்றன. கட்டி எட்டு வருடம் முடியும் முன்பே, 1815 இல், ஆங்கிலேயர் கையில் பிடிபட்டார். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தார். அங்கே பாலாற்றங்கரையில் அவர் சமாதிக்கு மேல் 1990 இல் தமிழ்நாடு அரசு முத்துமண்டபம் கட்டியது. குளம் இங்கே, கட்டியவர் அந்த ஆற்றங்கரையில். இதைச் சொன்னதும் அப்பா, "வாத்தியாரும் அப்பிடித்தானே, மெரினாவுல" என்றார். அதன்பிறகு குளத்தைச் சுற்றி முடிக்கும்வரை பேசவில்லை.

குளக்கரையை ஒட்டிய மண்டபத்தில் மாலைதோறும் கண்டி நடனம். நாங்கள் கடக்கும்போது உள்ளே மேளம் அடித்தார்கள். வாசலில் சுற்றுலாப் பயணிகளின் வரிசை. அப்பா நின்று தாளத்தைக் கவனித்துவிட்டு, "நம்ம தப்போட வேகத்துல இது பாதிகூட இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடித்த ஆள், வேறு எப்படிச் சொல்வார்.

இரண்டாம் நாள், நாவலப்பிட்டி

மழை. நாவலப்பிட்டி என்றாலே மழைதான், அதைப் பற்றிப் புகார் சொன்னால் ஊர்க்காரர்கள் நம்மை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்ப்பார்கள். கம்பளை வழியாக பஸ்ஸில் வந்தோம். கூடவே மகாவலியும் வந்தது. நாட்டின் நீளமான ஆறு, 335 கிலோமீற்றர். இங்கே இன்னும் இளம் வயசுதான், பாறைகளுக்கு நடுவில் செம்மண் நிறத்தில் துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சாயத்தண்ணி குடித்தபடி விசாரணையைத் தொடங்கினோம். "எம்.ஜி.ஆர். பொறந்த எடம் எங்கண்ணே?" கடைக்காரர் மேற்கே கை காட்டினார். ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் அது தப்பு என்று ஆற்றுப் பக்கம் காட்டினார். ஓட்டோக்காரத் தம்பி ஒருவர், "அந்தக் கட்டிடம் எப்பவோ இடிஞ்சிருச்சி மாமா, எங்க தாத்தா காட்டியிருக்காரு" என்று எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மதிலைக் காட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் வாழை மரங்கள். மூன்று பேருமே உறுதியாகத்தான் சொன்னார்கள். மூன்று இடத்தையும் படம் எடுத்தேன். அப்பா ஒன்றையும் அனுப்ப விடவில்லை. "தப்பான எடத்த அனுப்புனா அக்கா கும்புட்டுருவா. பாவம்."

ஆற்றங்கரையிலும் ஒரு மணி நேரம் நடந்தோம். சிலை, பலகை, பெஞ்ச் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கடைகள் எல்லாம் தெருவைப் பார்த்து நிற்கின்றன, முதுகு மட்டும் ஆற்றுக்கு. நம் ஊர்கள் பலதும் இப்படித்தான், தண்ணீரைக் கொல்லைப்புறமாக வைத்துக்கொள்ளும். அல்பனிக்காரர்கள் ஆற்றைத் திரும்பிப் பார்த்து உட்கார ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் பாடகரைக் கொண்டுவந்து வைத்தார்களோ என்று தோன்றியது.

வாத்தியார் 1965 இல் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தார். எங்கள் தாத்தா பார்க்கப் போயிருக்கிறார். கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாராம். "தொப்பியத்தான் பாத்தேன், மூஞ்சி தெரியல" என்று சாகும்வரை சொன்னார். அந்தத் தொப்பியை வாத்தியார் போட ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். நான் ஒருமுறை இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மழை விட்டதும் அப்பா தானாகவே ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கண்டிப் பக்கத்திலிருந்து ரயில்பாதை இங்கே வந்தது 1874 இல். மேலே அட்டனுக்கு ஏற இன்னும் பத்து வருடம் ஆனது. அதுவரை மலைக்குப் போகும் எல்லாமும் எல்லோரும் இங்கே இறங்கித்தான் ஏறியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு தூண் பக்கத்தில் போய் நின்றார். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அத்தை முதல் கணக்கில் விழுந்தார், புகுந்த வீட்டோடு. 1972. அவருக்கு 19 வயது, அப்பாவுக்கு 15. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிடுகிறவர்களும் அழுவார்கள். அங்கிருந்து இராமானுஜம் கப்பல்.

"ஒங்க அத்த ஒரு கோழி வளத்தா" என்றார் அப்பா. "செவலைக் கோழி. அதையும் கொண்டு போவேன்னு அடம். கூடையில வச்சி இங்க வரைக்கும் கொண்டாந்துட்டோம். கோழிய ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டான். கோச்சி பொறப்படுது, அவ கூடைய விடல. நாந்தான் புடுங்குனேன்."

அஞ்சு மைல் அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்திருக்கிறார். தாத்தா முன்னால் நடந்தாராம், திரும்பியே பார்க்காமல்.

அந்தத் தூணைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அத்தைக்கு அதைத்தான் அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

மூன்றாம் நாள், அட்டன்

கினிகத்தேனை வழியாக பஸ். வளைவுகளில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தையிடமிருந்து பதில் இல்லை, இரண்டு நீலக் குறி மட்டும்.

அட்டனில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது: பனி, பஸ், பலசரக்கு. இன்று அதோடு ஒரு சண்டையும். மலையகத்தில் ஒரு தண்ணீர்க் கரைக்கு ஒரு கலைஞர் பெயரை வைக்கச் சொன்னால் நான் மீனாட்சி அம்மாளின் பெயரை வைப்பேன் என்றேன். கோ. நடேசய்யரின் மனைவி. அய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர், 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். ஆனால் கூட்டத்தைக் கூட்டியது அம்மாளின் குரல். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் தோட்டத்துக் கஷ்டத்தை வைத்துப் பாடுவார். 1940 இல் அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகமாகவும் வந்தன. எழுத்துத் தெரியாத சனத்துக்குச் சட்டத்தைப் பாட்டாகக் கொண்டுபோனவர் என்று சொன்னால் மிகை இல்லை.

"நல்லவங்கதான். ஆனா சனம் வருமா?" என்றார் அப்பா.

"ரே சார்ள்ஸும் சும்மா பாட்டுக்காரன் இல்லப்பா. 1961 இல கறுப்பர்களத் தனியா ஒதுக்கி ஒக்கார வைக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் அதே மாநிலத்துல ஒகஸ்டா ஊர்ல பாட மாட்டேன்னு சொன்னவன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் வை. வாத்தியாருக்குப் பெரிய பூங்கா, அந்த அம்மாவுக்குப் பக்கத்துல."

"ஏன், அம்மாவுக்குப் பெருசு வைக்கக் கூடாதா?"

இதற்கு மேல் எழுதினால் குடும்ப விவகாரம் ஆகிவிடும். இரவு கட்டச்சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டுச் சமாதானம் ஆனோம்.

நான்காம் நாள், மஸ்கெலியா

இது சின்ன நாள். நோர்வூட் வழியாகப் போகும்போது காசல்ரீ நீர்த்தேக்கம், 1965 இல் நிரம்பியது. அங்கிருந்து போகும் தண்ணீர் ஓட்டும் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரா பெயர். நீர்மின்சாரத்துக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய இலங்கைப் பொறியியலாளர். தேடி வந்த வரிசையில் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயர் கிடைத்தது இங்கேதான், அதுவும் கரைக்கு அல்ல, மின்நிலையத்துக்கு.

அப்புறம் மவுசாகலை. 1969 இல் அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கோவில், பள்ளிவாசல், விகாரை மூன்றும் சேர்ந்து மூழ்கின. வறட்சியில் தண்ணீர் வற்றினால் மூன்றும் வெளியே தலைகாட்டும். சனம் இறங்கிப் போய்க் கோவிலில் விளக்கு வைத்துவிட்டு வரும். இப்போது தண்ணீர் நிறைய இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கரையில் மாடு மேய்த்த ஒரு அக்கா, "அந்தா, அந்தப் பச்சை மொளைக்கு நேரா, அங்கதான் கோபுரம்" என்று வெறும் தண்ணீரைக் காட்டினார். நாவலப்பிட்டியில் மூன்று பேர் மூன்று இடம் காட்டியது ஞாபகம் வந்தது. இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

ஐந்தாம் நாள், நுவரெலியா

அப்பாவுக்கு இது இன்னும் நூரளைதான். தலவாக்கலை தாண்டும்போது சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் ஓடத் தொடங்கியபின் அதில் பழைய தண்ணீர் இல்லை. அப்பா "இளைச்சிருச்சி" என்றார், சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி.

நகரத்தில் இறங்கினால் பூங்காவுக்கு விக்டோரியா பெயர். 1897 இல் ராணியின் வைர விழாவுக்கு வைத்தது. குளத்துக்கு கிரகரி பெயர். ஆக, தண்ணீரும் பூங்காவும் பெயரும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் மலையகத்தில் இதுதான். நடைபாதை, புல்வெளி, குதிரை, அவித்த சோளம், அன்னப்பறவைப் படகு. நுழைய டிக்கெட்.

கிரகரி யார்? வில்லியம் கிரகரி, 1872 முதல் 1877 வரை ஆளுநர். பிதுருதலாகலை அடிவாரத்தில் சதுப்பாய்க் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து 1873 இல் குளம் வந்தது. கொழும்பு அருங்காட்சியகமும் அவர் காலத்ததுதான், வாசலில் சிலை இருக்கிறது. இவ்வளவும் வழிகாட்டிகள் சொல்வார்கள். சொல்லாத ஒன்று உண்டு. 1847 இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, இவர் டப்ளின் தொகுதி எம்.பி. நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது, சாப்பாடு வேண்டுமென்றால் நிலத்தை விட்டுவிட்டு வா. இன்றும் அது கிரகரி பிரிவு என்றே அறியப்படுகிறது.

கால் ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் 40 பேர்ச். லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியே வர ஏழு பேர்ச் கொடுங்கள், பத்து பேர்ச் கொடுங்கள் என்று மலையகத்தில் எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள். குளக்கரையில் நின்று இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சோளத்தைக் கடித்துக்கொண்டே யோசித்துவிட்டு, "நாப்பது பேர்ச் வச்சிருந்தவன ஏழைன்னு சொல்லியிருக்கானுங்க" என்றார்.

அவர் கேட்டு ரசித்தது இன்னொரு விஷயம். ஆளுநர் பதவி முடிந்து ஊர் போன பிறகு, 1880 இல், கிரகரி தன்னைவிட 35 வயது இளைய பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்த அகஸ்டா கிரகரிதான் பின்னால் நாடகம் எழுதி, கவிஞர் யேட்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து 1904 இல் டப்ளினில் அபே நாடக அரங்கைத் தொடங்கியவர். "அப்ப இந்தக் கொளத்துப் பேருக்கும் நாடகக் கம்பெனிக்கும் தொடர்பு இருக்கு" என்றார் அப்பா. இருக்கிறது, நீச்சல் தெரிந்த தொடர்பு, கடல் தாண்டிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டிகள். ஒரு பையன் போனில் சத்தமாகப் பாட்டு வைத்து ஆட, நாலு பேர் வட்டமாக நின்றார்கள். வாத்தியார் பாட்டில்லை, அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் கால் மட்டும் தாளம் போட்டது. நான் பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நாலைந்து பேரில் யாரும் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அன்னப்பறவைப் படகு எடுத்தோம். மிதிப்பது நான், கட்டளை அப்பா. நடுக்குளத்துக்குப் போனபோது அத்தையின் வீடியோ அழைப்பு. மூன்று நாள் கழித்து. கோத்தகிரியிலும் குளிர் போல, அவரும் ஸ்வெட்டரில்தான் இருந்தார். மெரினா சமாதியில் காது வைத்தால் வாத்தியாரின் கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்று சொல்வார்கள் இல்லையா, அத்தை ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வந்து சத்தியம் செய்தவர்.

"வாத்தியாரு ஊரக் கேட்டா ஸ்டேஷன அனுப்பியிருக்க" என்றார்.

"அங்க வேற ஒண்ணும் இல்லக்கா."

"சரி, இது எங்க? என்னாது சுத்தி ஒரே தண்ணி?"

"நூரளைக் கொளம்."

அத்தை இங்கே வந்ததில்லை. 19 வருடம் இந்த மலையில் இருந்து, கொழுந்து பறித்து, இந்தக் குளத்தைப் பார்க்காமலே கப்பல் ஏறியவர். "சுத்திக் காட்டுடா" என்றார். அப்பா போனை நீட்டிக் கரை, மலை, குதிரை எல்லாவற்றையும் மெதுவாகக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் கீழ, தண்ணியக் காட்டு." போன் விழுந்துவிடும் என்று நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"தம்பி."

"சொல்லுக்கா."

"அந்தக் கோழிய என்னாடா செஞ்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மிதிப்பதை நிறுத்தினேன். கரையிலிருந்து படகுக்காரர் எங்கள் நேரம் முடிந்ததென்று விசில் ஊதினார்.

"தீவாளி வந்துச்சிக்கா" என்றார் அப்பா.

அத்தை சிரித்த சிரிப்பு பக்கத்துப் படகுக்குக் கேட்டிருக்கும்.